ஈகையும் குறியெதிர்ப்பையும்: வணிகக் கல்லூரி மாணவருக்கான உதவிநிதி பற்றிய ஓர் அறவியல் நோக்கு

திருக்குறளின் அறத்துப்பாலில் ஒப்புரவறிதல் இருபத்திரண்டாம் அதிகாரமாகவும் ஈகை இருபத்துமூன்றாம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் கொடுத்தலையே பொருளாகக் கொண்டிருப்பினும் அவற்றை ஒன்றெனக் கொள்ள வள்ளுவர் இடந்தரவில்லை. ஈகை அதிகாரத்தின் முதற் குறள், இல்லாதவருக்குக் கொடுப்பதையே ஈகையென வரையறுத்து, ஏனைய கொடைகள் அனைத்தையும் குறியெதிர்ப்பை என்னுஞ் சொல்லால் ஒதுக்கிவிடுகின்றது. அயல்வீட்டில் நாழி கொண்டு அளந்து அரிசி வாங்கியவர், அதே நாழியால் அளந்து அதனைத் திருப்பிக் கொடுப்பதே குறியெதிர்ப்பை. அதிற் குற்றமேதும் இல்லை; ஊர் வாழ்க்கை அதனாலேயே நடைபெறுகின்றது. ஆயினும் அதற்கு ஈகையென்ற பெயரைச் சூட்டுதல் தகாது என்பதே குறளின் கருத்தாகும்.

இவ்வேறுபாட்டினை உரைகல்லாகக் கொண்டு நோக்கத்தக்க இக்கால வழக்கங்களுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புகழ்பெற்ற வணிகக் கல்லூரிகள் தம் முதுமாணி மாணவருக்கு வழங்கும் உதவிநிதியாகும். மருத்துவ மாணவனுக்கும் மெய்யியல் மாணவனுக்கும் புலமைப்பரிசில் கொடுப்பதை எவரும் வினாவுக்கு உட்படுத்துவதில்லை. வணிக நிருவாகம் பயில்பவனுக்குக் கொடுக்கும்போது மட்டும் ஓர் ஐயம் எழுகின்றது. பொருளீட்டும் வித்தையைப் பயில வருபவனுக்குப் பிறர் பொருளை ஈதல் எவ்வகை அறம் என்பதே அவ்வையம்.

ஐயத்தின் வலிமையை முதலிற் குறைவின்றி எடுத்துரைத்தல் முறையாகும். 1908ஆம் ஆண்டிலே தோன்றிய ஹாவாட் வணிகக் கல்லூரியில் 2022ஆம் ஆண்டளவில் ஓராண்டுக்கான கற்பித்தற் கட்டணமும் பாடநெறிக் கட்டணமும் சேர்ந்து ஏறத்தாழ 76,000 டொலராக இருந்தன. உணவு, உறையுள் முதலியவற்றுக்கான செலவு வேறு. இரண்டாண்டுப் படிப்புக்கு இத்தொகையைக் கையில் வைத்திருப்போர் உலகிற் சிலரே. ஆயின் அவ்வாண்டு அக்கல்லூரியிலிருந்து வெளியேறியோர் பெற்ற அடிப்படைச் சம்பளத்தின் இடையம் ஆண்டொன்றுக்கு 175,000 டொலர். எனவே உதவி கேட்டு நிற்பவன் இன்றைக்கு வறியவன். மூன்றாண்டு கழிந்ததும் அவனுக்கு உதவியோருட் பலரிலும் செல்வன். வாயிலில் நிற்கும் இரவலனுக்கும் இவனுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படையானது. இரவலனின் வறுமை அவனது நிலை. இவனது வறுமை ஒரு பருவம். நாளை செல்வனாகப் போகின்றவனுக்கு இன்று கடன் கொடுத்தாற் போதாதா? கொடை எதற்கு?

இவ்வினாவுக்கு மிகத் துணிவான விடையைக் கூறியவர் பொருளியலறிஞர் மில்ரன் பிறீட்மன். 1955ஆம் ஆண்டு வெளிவந்த, கல்வியில் அரசின் பங்கு பற்றிய தமது கட்டுரையில், தொழிற்கல்வி பெறுவோனிடத்து முதலீடு செய்வதை ஒரு கம்பனியின் பங்கினை வாங்குவதற்கு ஒப்பிட்டார் அவர். படிப்புச் செலவைக் கொடுப்பவர், படித்தவனின் வருங்கால வருவாயில் ஒரு பகுதியைப் பெறுதல் வேண்டும். தோல்வியுற்றவன் குறையக் கொடுக்கட்டும், வெற்றி பெற்றவன் கூடக் கொடுக்கட்டும் என்பது அவர் கொள்கை. இத்தகைய ஒப்பந்தம் ஓரளவு அடிமைத்தனத்தை ஒத்தது என மற்றவர் குறை கூறுமுன் அவரே கூறிவிட்டார் என்பது ஈண்டு நோக்கற்பாலது. தம் கொள்கையின் கூரிய முனையைத் தாமே காட்டும் நேர்மை எல்லா அறிஞரிடத்தும் காணப்படுவதன்று.

ஏட்டில் இருந்த அக்கருத்தை நடைமுறையிற் சோதித்துப் பார்த்தது யேல் பல்கலைக்கழகம். பொருளியலறிஞர் ஜேம்ஸ் ரோபினின் சிந்தனையைத் தழுவி 1971இல் அங்கு ஒரு கட்டணப் பிற்போடல் திட்டம் தொடங்கப்பெற்றது. கடன் பெற்ற ஒவ்வோர் ஆயிரம் டொலருக்கும் ஆண்டு வருவாயில் 0.4 சதவீதத்தை மாணவர் செலுத்தல் வேண்டும். ஒரு குழுவினர் அனைவரின் கடனும் தீரும்வரை, அல்லது முப்பத்தைந்து ஆண்டு முடியும்வரை, ஒருவருக்கும் விடுதலை இல்லை. செல்வம் சேர்த்தவன் ஆசிரியத் தொழிலுக்குச் சென்றவனின் சுமையைத் தாங்குவான் என்பதே திட்டத்தின் அழகிய எதிர்பார்ப்பு. நிகழ்ந்ததோ வேறு. பெருவருவாய் பெற்றோர் ஒரு தொகையை ஒருங்கே செலுத்தி விலகிக்கொள்ள விதியில் இடமிருந்தது, விலகிக்கொண்டனர். சிலர் செலுத்தாதே விட்டனர். எஞ்சியோர், தாம் என்றும் கண்டிராத மாணவரின் கடனையும் சேர்த்து ஆண்டாண்டாகச் சுமந்தனர். 1978இல் புதிதாகச் சேர்த்தல் நிறுத்தப்பட்டது. எஞ்சிய கடனைத் தள்ளிவிடும் முடிவினைப் பல்கலைக்கழகம் 1999இல் அறிவித்தது. ஒருவர் சுமையை மற்றவர் தாங்குதல் உறவின்பாற்பட்ட ஒழுக்கம். ஒருவரையொருவர் அறியாதவரிடையே அதனை ஒப்பந்தத்தால் மட்டும் உண்டாக்க முயன்றமையே அத்திட்டத்தின் அடிப்படைக் குறை எனலாம்.

கடனே போதும் என்போர் கருத்திற் கொள்ளாத மற்றொன்றும் உண்டு. கடன் என்பது தொகை மட்டுமன்று. அது வாழ்க்கையின் திசையையும் மாற்றவல்லது. ஒரு சிற்றூர் வைத்தியசாலையின் நிருவாகத்தைச் சீர்செய்ய வேண்டும் என்ற எண்ணத்துடன் கல்லூரிக்கு வரும் ஒருவர், ஓரிலட்சம் டொலருக்கு மேற்பட்ட கடனுடன் வெளியேறும்போது முதலீட்டு வங்கியின் அழைப்பை மறுத்தல் எளிதன்று. அவரை எவரும் வற்புறுத்துவதில்லை. மாதந்தோறும் வரும் தவணைச் சீட்டே போதுமானது. மேலும், கடனை நோக்கும் கண்ணும் எல்லோருக்கும் ஒன்றன்று. தலைமுறை தலைமுறையாக வங்கியுடன் பழகிய குடும்பத்தினர் அதனை ஒரு கருவியாகக் காண்பர். கடனால் வீடு இழந்த குடும்பத்திற் பிறந்தவர் அதே தொகையைக் கண்டு விண்ணப்பப் படிவத்தையே தொடாது விடுவர். கணக்கில் இருவருக்கும் ஒரே வாய்ப்பு, வாழ்க்கையில் அவ்வாறன்று. வெளிநாட்டு மாணவரின் இடர் இதனினும் பெரிது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் மாணவர் கடன் பெரும்பாலும் அந்நாட்டுப் பிரசைகளுக்கே உரியது. தனியார் வங்கியோ அந்நாட்டில் வாழும் ஒருவரின் பிணையைக் கேட்கும். பிரான்சின் பொன்ரென்புளோவில் உள்ள இன்சியாட் கல்லூரியிற் பயின்ற மூவர் 2007இல் பிணையின்றிக் கடன் வழங்கும் நிறுவனமொன்றைத் தொடங்கி, பழைய மாணவரின் பணத்தைப் புதிய மாணவருக்கு எட்டச் செய்தமை இவ்விடரை நேரில் அறிந்ததன் விளைவேயாகும். அமெரிக்கப் பிரசைகளுக்கும் நிலைமை மாறியுள்ளது. படிப்புச் செலவு முழுவதற்கும் கடன் பெற இடமளித்த கூட்டாட்சித் திட்டம், 2025 யூலையில் நிறைவேறிய சட்டத்தின்படி, 2026 யூலை முதலாந் திகதியிலிருந்து புதிய கடனாளிகளுக்கு மூடப்படுகின்றது. கடனே போதும் என்ற வாதம் நிற்கும் நிலம் சுருங்கி வருகின்றது.

ஆதலின் வணிக மாணவனுக்கு உதவிநிதி வழங்குதல் அறமன்று என்று தள்ளிவிடல் இயலாது. அடுத்த வினா, எவருக்கு என்பது.

அரிஸ்டோட்டில் தமது அரசியல் நூலிற் புல்லாங்குழலை எடுத்துக்காட்டாகக் கூறுவார். சிறந்த குழல்களைப் பங்கிடுவதாயின் உயர்குடிப் பிறந்தோர்க்கோ அழகுடையோர்க்கோ அன்றி, சிறப்பாக ஊதவல்லோர்க்கே அவற்றைக் கொடுத்தல் வேண்டும். பங்கிடப்படும் பொருள் எதற்காக உள்ளதோ அதனோடு தொடர்புடைய தகுதியே கணக்கிற் கொள்ளத்தக்கது என்பது இதன் கருத்து. இந்நியாயத்தை இங்குப் பொருத்தினால், கல்லூரி இருவேறு பொருள்களைப் பங்கிடுகின்றது என்பது புலனாகும். ஒன்று, வகுப்பறையில் ஓர் இடம். அதற்குரிய தகுதி திறமை. மற்றது, அவ்விடத்தில் வந்து அமர்வதற்குத் தடையாயுள்ள பணமின்மையை நீக்கும் தொகை. அதற்குரிய தகுதி இன்மை, வேறொன்றன்று. திறமையை அனுமதியின்போது ஒருமுறை நிறுத்துப் பார்த்தபின், உதவித்தொகைக்கும் மீண்டும் அதனையே நிறுப்பது ஒரே தராசிற் பொருளை இருமுறை வைத்தலாகும்.

ஹாவாட் வணிகக் கல்லூரி இக்கொள்கையையே மேற்கொண்டு, திறமைக்கெனத் தனிப் புலமைப்பரிசில் வழங்காது, தேவையை மட்டும் நோக்கி வழங்கி வந்துள்ளது. 2022இல், மிக்க தேவையுடைய மாணவருக்கு, அதாவது ஏறத்தாழ பத்திலொரு பங்கினருக்கு, கற்பித்தற் கட்டணம் முழுவதையும் ஈடுசெய்யப் போவதாக அது அறிவித்தது. கொள்கை தெளிவானது, ஆயின் தேவையை அளத்தல் தெளிவான செயலன்று. விண்ணப்பதாரரின் முன்னைய மூன்றாண்டு வருவாயும் சேமிப்பும் அங்குக் கணக்கிடப்படும். ஒரே சம்பளம் பெற்ற இருவரை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் சிக்கனமாக வாழ்ந்து சேமித்தார்; மற்றவர் உல்லாசப் பயணங்களிற் செலவிட்டார். சேமிப்பை எண்ணும் அளவுகோல் முன்னவருக்குக் குறையவும் பின்னவருக்குக் கூடவும் தரும். சிக்கனம் தண்டிக்கப்படுகின்றதே என்ற முறைப்பாடு நியாயமானது. மூன்றாமவர் ஒருவரும் உளர். சம்பளத்தின் பெரும்பகுதியை ஊரிலுள்ள பெற்றோருக்கும் மணமாகாத சகோதரிகளுக்கும் மாதந்தோறும் அனுப்பியவர் அவர். வங்கி ஏட்டில் உல்லாசியும் இவரும் ஒன்றே. இருவர் கணக்கும் வெறுமை. கடமையாற் கரைந்த பணத்தையும் களியாட்டத்தாற் கரைந்த பணத்தையும் பிரித்தறியத் தெரியாத படிவம், நம்மவர் போன்ற குடும்பப் பிணைப்புடைய சமூகங்களிலிருந்து செல்வோரைச் சரியாக அறிந்துவிட்டது எனக் கூற இயலாது.

தேவை என்ற சொல்லுக்குப் பணத்தினும் விரிந்த பொருள் கொண்ட முயற்சிகளும் இருந்துள்ளன. மிசூரி மாநிலத்தின் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்ரேளிங் ஷோன் 1966இல் நிறுவிய கூட்டமைப்பு அவற்றுள் முதன்மையானது. அமெரிக்கக் கம்பனிகளின் நிருவாக அறைகளிற் கறுப்பின மக்களைக் காணல் அரிதாயிருந்த காலம் அது. வாஷிங்டன், இந்தியானா, விஸ்கொன்சின் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் இணைந்து 1967இல் இருபத்தொரு கறுப்பின இளைஞரைப் புலமைப்பரிசிலுடன் சேர்த்துக்கொண்டன. அங்கு ஈடுசெய்யப்பட்டது தனியொருவனின் வெறுங்கை மட்டுமன்று, ஓரினத்தார் முன் அடைக்கப்பட்டிருந்த கதவு. ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதி பற்றிய நூல், பிறப்பின் தற்செயலால் வந்த நலனை எவரும் தம் தகுதியெனக் கோர முடியாது என வாதிட்டது. அந்நூல் வருமுன்னரே அக்கருத்து இவ்வாறு ஒரு வணிக வகுப்பறையிற் செயலுருப் பெற்றிருந்தது.

தேவைக்கும் திறமைக்கும் இடையே எழும் இப்பிணக்கு மிகக் கடுமையாக வெளிப்பட்ட நிகழ்ச்சி கலிபோணியாவிலுள்ள ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரியைச் சார்ந்தது. தன் புலமைப்பரிசில்கள் யாவும் தேவையை மட்டுமே அடிப்படையாகக் கொண்டவை என அக்கல்லூரி பல்லாண்டாக வெளிப்படையாகக் கூறி வந்தது. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அங்குப் பயின்ற மாணவர் ஒருவர், உதவிநிதி பற்றிய இரகசியக் கோப்புகள் கல்லூரியின் கணனி வலையமைப்பில் எவரும் திறந்து பார்க்கக்கூடிய நிலையிற் கிடந்தமையைக் கண்டார். ஏழாண்டுக் காலத்தில் 2,288 மாணவர் சமர்ப்பித்த 5,120 விண்ணப்பங்களின் தரவுகளை ஆராய்ந்து, முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையொன்றை அவர் ஆக்கினார். ஒத்த தேவையுடைய இருவருக்கு ஒவ்வாத தொகைகள் வழங்கப்பட்டிருந்தமை அதனாற் புலனாயிற்று. கல்லூரி எவரைத் தன்பால் ஈர்க்க விரும்பியதோ அவருக்குக் கூடிய தொகை சென்றிருந்தது. பெண்கள் கூடுதலாகப் பெற்றனர். நிதித்துறையிலிருந்து வந்தோர், சேமிப்பு மிக்கவராயிருந்தும், கூடுதலாகப் பெற்றனர். வெளிநாட்டு மாணவர் குறையப் பெற்றனர். அவ்வாண்டின் இறுதியில் இச்செய்தி பத்திரிகைகளில் வெளிவந்தபோது, பீடாதிபதி ஜொனதன் லெவின் நடைமுறையும் கூற்றும் முரண்பட்டிருந்ததை ஒப்புக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியில் உண்மையாக இழைக்கப்பட்ட தவறு யாது என்பதை நுணுகி நோக்குதல் வேண்டும். திறமையாளருக்குக் கூடக் கொடுத்தல் தன்னளவிற் பழியன்று. பல கல்லூரிகள் அதனை வெளிப்படையாகவே செய்கின்றன. வணிகத் தொழிலிற் குறைவாகக் காணப்படும் பெண்களை ஊக்குவிக்கக் கூடக் கொடுத்தலும் நியாயப்படுத்தக்கூடியதே. தவறு, கூறிய சொல்லுக்கும் செய்த செயலுக்கும் இடையிலேயே இருந்தது. தேவைக்கு ஏற்பவே தரப்படும் என்ற சொல்லை நம்பிய மாணவர், தமக்குக் கிடைத்த சிறு தொகையைத் தம் தேவையின் அளவு அதுவே என எடுத்துக்கொண்டார். பேரம் பேசவோ வினவவோ அவருக்கு இடமில்லாது போயிற்று. ஏனெனில், பேரம் என்ற ஒன்று நடைபெறுகின்றது என்பதே அவருக்குத் தெரியாது. கான்ற் கூறும் ஒழுக்க விதியின்படி, ஒருவர் உடன்படவே முடியாத வகையில் அவரைக் கையாளுதல் அவரை வெறுங் கருவியாக்குதலாகும். மறைக்கப்பட்ட விதிக்கு எவர் உடன்பட முடியும்? ஈகையென்ற பெயரில் நடைபெற்றது விலை குறித்தல். குறளின் சொல்லிற் கூறுவதாயின், குறியெதிர்ப்பை ஈகையின் ஆடையை உடுத்து வந்தது. வணிக ஒழுக்கவியலைப் பாடமாகக் கற்பிக்கும் இடத்திலே இது நிகழ்ந்தமை வேதனைக்குரிய வேடிக்கை.

எனினும் கல்லூரியின் பக்கத்தையும் நீதியுடன் கேட்டல் வேண்டும். ஒரே மாணவரை இரண்டு மூன்று கல்லூரிகள் விரும்பும்போது, பிற கல்லூரி திறமைக்குப் பணம் கொடுத்து அவரை ஈர்த்துக்கொள்ளும். தேவையை மட்டும் நோக்கும் கல்லூரி அவரை இழக்கும். தனித்து நின்று அறத்தைக் காத்தல் அரிது. எனவே கூடிநின்று காப்போம் என்ற முயற்சியும் ஒருகால் இருந்தது. அது இளமாணி மாணவர் தொடர்பானது. அமெரிக்காவின் ஐவி அணியைச் சேர்ந்த எட்டுப் பல்கலைக்கழகங்களும் மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகமும், இரண்டு மூன்று இடங்களில் அனுமதி பெற்ற மாணவருக்குத் தேவையளவே கொடுப்பது, திறமைக்கென ஏலங் கூறுவதில்லை என ஒத்துக்கொண்டு ஆண்டுதோறும் கூடித் தொகைகளை ஒப்புநோக்கின. 1991இல் அமெரிக்க நீதித் திணைக்களம், இது விலைநிர்ணயச் சூழ்ச்சியெனக் கூறி வழக்குத் தொடுத்தது. எட்டும் இணங்கி விலகின. தொழில்நுட்ப நிறுவகம் மட்டும் வழக்காடியது. 1993இல் மேன்முறையீட்டு நீதிமன்று, அவ்வொப்பந்தத்தின் சமூகப் பயனையும் கருத்திற் கொள்ளுமாறு வழக்கை மீள அனுப்ப, அவ்வாண்டிலேயே இணக்கம் ஏற்பட்டது. வறியோருக்கென நிதியைக் காத்துவைக்கும் உடன்பாடு ஒரு கண்ணுக்கு ஒப்புரவாகவும் மற்றொரு கண்ணுக்கு வணிகர் கூட்டுச் சதியாகவும் தோன்றியமை, கல்வியைச் சந்தைப் பொருளாக்கிய சமூகம் அடையும் தடுமாற்றத்தைக் காட்டுகின்றது. இத்தடுமாற்றம் பொய் கூறுவதற்கு மன்னிப்பாகாது. ஆயின் பொய் எங்கிருந்து பிறந்தது என்பதை விளக்கும்.

கொடுத்ததற்கு விதிக்கும் நிபந்தனை பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். அதே ஸ்ரான்போட்டில் இந்தியக் கம்பனியொன்றின் நிறுவுநர் திருபாய் அம்பானியின் பெயரால் இந்திய மாணவருக்கென ஒரு புலமைப்பரிசில் உண்டு. அதனைப் பெறுவோர் பட்டம் பெற்று இரண்டாண்டுக்குள் தாய்நாடு திரும்பி, குறைந்தது இரண்டாண்டு அங்குப் பணியாற்றுதல் வேண்டும். ஆபிரிக்க நாட்டினருக்கும் இத்தகைய ஏற்பாடு உண்டு. கட்டுப்பாட்டுடன் வரும் கொடை கொடையன்று என்பார் உளர். மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925இல் வெளிவந்த தமது ஆய்விற் காட்டியவாறு, கைம்மாற்றுக் கடப்பாடு இல்லாத கொடை எச்சமூகத்திலும் அரிது. வேறுபாடு கடப்பாடு உண்டா இல்லையா என்பதிலன்று. அது எவரை நோக்கியது என்பதிலேயே உள்ளது. கொடுத்தவரின் கம்பனியிலேயே பணியாற்றல் வேண்டும் எனின் அது விலை. தன்னை ஆளாக்கிய நாட்டுக்குத் திரும்புதல் வேண்டும் எனின், அது கொடுத்தவருக்குத் தீர்க்கும் கடனன்று. பெற்றவர் ஏற்கெனவே பட்டிருந்த கடனின் நினைவூட்டல். இலங்கைப் பல்கலைக்கழக விரிவுரையாளர் கல்வி விடுமுறையில் வெளிநாடு செல்லுமுன் ஒப்பமிடும் பிணைமுறியும் இவ்வகையினதே. 1945இல் கன்னங்கரா வழிவகுத்த இலவசக் கல்வியால் முதற் பட்டம் பெற்ற ஒருவர் அம்முறியை அநீதியெனக் கூறல் எளிதன்று. திரும்பி வருவதற்கு உகந்த நிலையை நாடு வைத்திருத்தல் வேண்டும் என்பது அம்முறியில் எழுதப்படாத மறுபக்கம். அப்பக்கத்தில் ஒப்பமிடுவோர் எவருமில்லை.

மகாபொல புலமைப்பரிசிலும் இங்கு நினைவுக்கு வரும். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட அந்நிதியம் திறமைக்கும் தேவைக்கும் தனித்தனி வகுப்புகளை வைத்து, எவர் எதற்காகப் பெறுகின்றார் என்பதை வெளிப்படையாக்கியது. தொகை சிறிதாயினும் பெயர் சரியாக இடப்பட்டிருந்தது. ஆயினும் நம் நாட்டிலும் முகாமைத்துவ இளமாணிக் கல்வி இலவசமாகவும், அதே துறையின் முதுமாணிக் கல்வி கட்டணத்துக்குரியதாகவும் இருத்தலால், மேலே கூறிய வினாக்கள் அயல்நாட்டவருக்கு மட்டும் உரியனவல்ல.

யேலின் வணிகக் கல்லூரியில் 1979 முதல் மாணவரே நடத்திவரும் ஒரு சிறு ஏற்பாடு, இவையனைத்துக்கும் புறம்பாக நிற்கின்றது. முதலாண்டு முடிந்ததும் மாணவர் கோடைகாலப் பயிற்சிக்குச் செல்வர். வங்கிக்கும் பெருங் கம்பனிக்கும் செல்வோருக்குக் கைநிறையச் சம்பளம். இலாப நோக்கற்ற நிறுவனத்துக்கோ அரசாங்கப் பணிக்கோ செல்வோருக்குச் சிறுதொகை, சிலவேளை அதுவும் இல்லை. முன்னவர் தம் கோடைகாலச் சம்பளத்தில் ஒரு பங்கினைப் பின்னவருக்கென வாக்களித்து ஒரு பொது நிதியிற் சேர்க்கின்றனர். கொடுப்பவர் பெருஞ்செல்வர் அல்லர். அவருக்கும் கடன் உண்டு. பெறுபவர் இரவலரும் அல்லர். வங்கியின் சம்பளம் அவருக்கும் எட்டாததன்று, வேறொரு பணியைத் தெரிந்துகொண்டார், அவ்வளவே. திருப்பிக் கொடுக்கும் அளவு குறிக்கப்படாமையால் இது குறியெதிர்ப்பையன்று. இல்லாதவருக்கு இடுவதன்மையால் ஈகையுமன்று. பரிமேலழகர் ஒப்புரவினை உலகநடை அறிந்து செய்தல் என விளக்கியது இத்தகையதையே சுட்டும் போலும். இளவேனிலில் வாக்களித்தவரும் அவ்வாக்கினாற் கோடையைக் கழித்தவரும் இலையுதிர் காலத்தில் ஒரே வகுப்பறையில் மீண்டும் அமர்கின்றனர். படிப்பு முடிந்தபின் இருவரும் எவ்வெத் தொழிலில் நிற்பர் என்பது அப்போது இருவருக்குமே தெரியாது.